கோதுமை ஆகாத மாப்பிள்ளை

— உங்க வீட்டு மானம் நூத்தி இருபது வெள்ளி, அக்கா. பாதி இப்ப, பாதி மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு.

— என்ன தனலெட்சுமி, மானத்துக்கும் விலை போடுறீரோ?

— பின்ன? இனிப்புக்கு விலை அம்பதுதான். அவங்க வந்து, என் இனிப்ப வாயில போட்டு, அரை மணி நேரத்துல வயித்தப் புடிச்சிக்கிட்டு உங்க கக்கூஸ் வாசல்ல கியூ நின்னா, போறது உங்க மானம்தானே? அதக் காப்பாத்துறதுக்கு எழுபது. பிரிக்ஃபீல்ட்ஸ்ல வேற எவகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, மானத்த இவ்வளவு சல்லிசா ஒருத்தியும் தர மாட்டா.

— அறுபது.

— இனிப்புக்கா, மானத்துக்கா?

— எல்லாம் சேர்த்து.

— அறுபது வெள்ளிக்கு ஒரு சட்டி கேசரி கிண்டித் தரேன். மாப்பிள்ள மயங்கி விழுந்தாருன்னா என்னைக் கூப்பிடாதீங்க, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க.

— சீ, உம்மட வாயில நல்லதே வராதோ?

— அம்மா, முதல்ல ஆன்டிகிட்ட விஷயத்த முழுசா சொல்லுங்க. பாதிய முழுங்கிட்டு விலை பேசினா எப்படி?

— நீ பேசாமல் இரு, நளாயினி. கலியாணப் பொம்பிளை விலை பேசுற இடத்தில வாய் திறக்கப்படாது.

— எனக்கு முப்பத்திரண்டு வயசும்மா. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல நாள் முழுக்க விலைதான் பேசுறேன், அதுவும் உயிருக்கு. ஆன்டி, நான் சொல்றேன் கேளுங்க. மாப்பிள்ளை பேரு குகதாசன். கிள்ளான்ல இஞ்சினியர். அயர்லாந்துல படிக்கிறப்ப வயிறு கெட்டுப் போயி, அங்கத்து டாக்டர் கண்டுபிடிச்சாராம். கோதுமை ஆகாது, பாலும் ஆகாது. அவரோட அக்காவுக்கும் அதே. ஒரு சிட்டிகை உள்ள போனாக்கூட மூணு நாள் படுக்கைதான்.

— போன வருசம் செந்தூலில ஒரு வீட்டுக்குப் பொம்பிளை பார்க்கப் போனவை. அங்க கேசரி குடுத்திருக்கினம். "பால் ஒரு சொட்டும் விடேல்லை, தைரியமாய்ச் சாப்பிடுங்கோ" எண்டு சொல்லி. பொடியன் மரியாதைக்கு ரெண்டு கரண்டி சாப்பிட்டவன். திரும்பிப் போகிற வழியெல்லாம் காரை நிப்பாட்டி நிப்பாட்டி... அதோட சம்பந்தமும் நிண்டு போச்சு. எங்களுக்கு இது ஏழாவது இடம், தனலெட்சுமி. இதுவும் தட்டுப்பட்டால் நான் கோயிலுக்குப் போய் ஆரின்ட முகத்தில முழிக்கிறது?

— கேசரியில எங்கக்கா கோதுமை இருக்கு? அது ரவைதானே?

— ரவை எதுலேருந்து வருது ஆன்டி?

— ரவை... மூட்டையிலேருந்து வருது.

— மூட்டைக்குள்ள எதுலேருந்து?

— அது தெரிஞ்சு எனக்கு என்னலா ஆகணும்?

— கோதுமையிலேருந்து ஆன்டி. கோதுமைய உடைச்சாத்தான் ரவை.

— தெய்வமே! கல்யாணமாகி வந்த நாள்லேருந்து கிண்டுறேன், ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே!

— பார்த்தனீயோ நளாயினி? ரவை என்னெண்டு தெரியாதவவுக்கு எழுபது வெள்ளி மானக் காசாம்.

— சரிக்கா, ரவையத் தள்ளுங்க. கடல மாவு இருக்கு, லட்டு புடிக்கிறேன். கடலைக்கும் கோதுமைக்கும் சொந்தம் கிடையாது, அது எனக்கே தெரியும்.

— ஓம், லட்டு நல்லது. நல்ல நெய் விட்டு...

— நெய் பால்தானேம்மா.

— நெய் எப்பிடியடி பாலாகும்? பால் வேறை, நெய் வேறை. பாலை விட்டு வெளிக்கிட்டு வந்ததுதானே நெய்? வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளை மாதிரி. பிறகு அந்த வீட்டுக்கும் அதுக்கும் ஒரு கதையுமில்லை.

— ஓடிப்போனாலும் அதே ரத்தம்தாம்மா. நெய்யும் கூடாது.

— நெய் விடாத இனிப்பை எப்பிடிச் சபையில வைக்கிறது? செத்த வீடோ இது?

— அக்கா சொல்றதுல நியாயம் இருக்கு நளா. நெய் வாசன வரலன்னா, வந்தவங்க நம்ம கஞ்சத்தனம்னு நினைப்பாங்க. சரி, நெய்யில்லாம மணக்குறதுன்னா ஒண்ணுதான் இருக்கு. பாசார்ல மலாய்க்கார மக்சிக் ஒருத்தி டோடோல் விப்பாளே, கறுப்பா, பளபளன்னு? அரிசி மாவு, தேங்காப் பாலு, குலா மலாக்கா வெல்லம். வேற ஒரு மண்ணும் கிடையாது.

— தொதல்! அது எங்கட பலகாரமெல்லோ! யாழ்ப்பாணத்தில தொதல் கிண்டாத வீடில்லை.

— அப்படியா? அப்ப நீங்களே கிண்டிரலாமேக்கா?

— நான் பென்ஷன் எடுக்குமட்டும் கவர்ன்மென்ட் ஆபீசில கிளார்க். எனக்குக் கிண்டத் தெரியாது. சாப்பிடத் தெரியும், பிழை பிடிக்கத் தெரியும்.

— நல்ல கஸ்டமர். ஆனா தேங்காப் பாலும் பால்தானே நளா? அது ஆகுமா?

— ஆகும் ஆன்டி. மாட்டுப் பால்தான் ஆகாது.

— நெய் பாலாம், தேங்காப் பால் பாலில்லையாம். அயர்லாந்து டாக்டரு நம்ம அரசாங்கத்தவிட மோசமால்ல சட்டம் போடுறாரு! சரி, மூணு வாரம் இருக்கு. தினம் ஒரு ஈடு கிண்டிப் பாக்கிறேன். யாராச்சும் தின்னு பாத்துச் சொல்லணும். என் நாக்கு இனிப்புல ஊறிப் போயி மரத்துப் போச்சு. நளா, உன் ஆபீஸ் எதிர்த்தாப்லதானே? மத்தியானம் மத்தியானம் வந்துரு.

— ஓகே. ஓசியில இனிப்பு, யாரு வேணாங்கிறா?

— ஓசி இல்ல கண்ணு. ஒரு கண்டிஷன். காலையில அந்த ரொட்டி சானாய் பரோட்டா, தே தாரிக் பால் டீ, பிஸ்கட்டு எல்லாத்தையும் நிப்பாட்டு. கண்டதத் தின்னுட்டு வந்து என் சரக்குக்கு ருசி சொல்லக் கூடாது. சோறு, மீனு, காய். அவ்வளவுதான். நாக்கு தண்ணி மாதிரி இருக்கணும்.

— இரவில குடிக்கிற மால்ட் பாலை மட்டும் நிப்பாட்டேலாது. அதிலதான் பிள்ளையின்ட உயிர் தங்கியிருக்கு. ஆளைப் பாரும், கொடியில காயப்போட்ட சேலை மாதிரி. போன ரெண்டு இடமும் "பொம்பிளைக்குக் காசநோயோ" எண்டு தரகரிட்டக் கேட்டவை.

— நீங்க என்ன சொன்னீங்க?

— விரதம் எண்டு சொன்னன். வெள்ளி, செவ்வாய், சஷ்டி, பிரதோஷம்... பஞ்சாங்கத்தில இருக்கிறதெல்லாம் பிடிக்கிறா எண்டு.

— குகதாசன் வீட்டுல என்னைச் சாமியாரம்மான்னு நினைச்சிட்டு இருக்காங்க ஆன்டி. போன்ல பேசுறப்ப அவரே கேட்டாரு, "உங்களுக்குக் கல்யாணத்துல இஷ்டமா, இல்ல மடத்துல சேரப் போறீங்களா"ன்னு.

— பிள்ளைக்கு வயித்தில கொஞ்சம் வாய்வு, வேற ஒண்டுமில்லை. அதை ஆருக்கும் மூச்சு விடாதையும். பிறகு இன்னொண்டு, தனலெட்சுமி. நீர் வியாபாரம் தெரிஞ்ச மனிசி. கிள்ளானில இருக்கிற எங்கட வீடும், கையில முப்பதாயிரமும் சீதனம் எண்டு பேச்சு. இப்ப மாப்பிள்ளைக்கு இப்பிடி ஒரு குறை இருக்கெண்டு தெரிஞ்ச பிறகு...

— டேமேஜ் சரக்குக்கு யாருக்கா முழு விலை குடுப்பா? தக்காளியில ஒரு புள்ளி இருந்தாலே பாசார்ல பாதி விலைக்குக் கேப்போம். வீட்ட அடிச்சிருங்க. காச மட்டும் பேசுங்க.

— அதைத்தான் நானும் யோசிச்சனான்.

— அம்மா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.

— இரு, இரு, தக்காளியத் தப்பா எடுத்துக்காத. அக்கா, இந்த யோசனைக்குத் தனியாக் காசு கேக்கல, மானத்தோட சேத்துக்கிட்டேன். நூறு குடுங்க.

— எண்பது.

— தொண்ணூறு. கிண்டுற குவாலிச் சட்டி புதுசா வாங்கணும், என் பழைய குவாலி கோதுமை அல்வாவுலயே பொறந்து வளர்ந்தது.

— சரி, தொண்ணூறு. ஆனால் குவாலி பிறகு எனக்கு.

— யாழ்ப்பாணத்துக்காரங்ககிட்ட மாட்டினா குவாலியும் மிஞ்சாதுலா!

*

— ஆன்டி, நேத்து தொதல்ல என்ன போட்டீங்க?

— வா நளா. ஏன் மூஞ்சி இப்படிச் செத்துக் கிடக்கு? நேத்து ஈடு நல்லா வந்துச்சே. நீயே சப்புக் கொட்டின.

— நல்லாத்தான் இருந்துச்சு. அதான் நாலு துண்டு தின்னேன். வீட்டுக்குப் போனதுலேருந்து பாத்ரூம் வாசல்லயே குடியிருந்தேன். இன்னிக்கு ஆபீசுக்கு லீவு.

— ஏய், பழி போடாதே தாயி! புதுக் குவாலி, புது அகப்பை, அடுப்பக்கூட ரெண்டு தடவ கழுவினேன். வேற எங்கயாச்சும் கண்டதத் தின்னுருப்ப.

— இல்ல ஆன்டி. உங்க கண்டிஷன்படி சோறு, மீன், காய்தான். அதுலயும் ஒரு அதிசயம் பாருங்க, நீங்க ஆரம்பிச்ச ரெண்டாவது நாள்லேருந்து எனக்கு வயித்து வலியே இல்ல. வாய்வு இல்ல. படி ஏறினா மூச்சு வாங்கல. நேத்துதான் திரும்ப வந்துச்சு.

— உங்கம்மா குடுக்கிற மால்ட் பாலு?

— ஜன்னல் வழியா ரோஜாச் செடிக்கு. செடி செத்துப் போச்சு.

— நான் சொன்னத இவ்வளவு கேப்பன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு கண்டிஷன் போட்டிருப்பேன். சரி, நேத்து மட்டும் என்ன வித்தியாசம்? அதே தேங்கா, அதே குலா மலாக்கா, உப்பு ஒரு கல்லு... ஆ. மாவு! இதுவரைக்கும் வீட்டுல இடிச்ச மாவு. அது தீந்து போச்சுன்னு நேத்து காலையில செலாயாங் போயி ஒரு மில்லுல அரைச்சிட்டு வந்தேன்.

— அரிசிதானே அரைச்சீங்க?

— அரிசிதான். என் கையாலதான் கொட்டினேன்.

— உங்களுக்கு முன்னாடி யாரு அரைச்சாங்க?

— ஒரு பஞ்சாபிக்கார அண்ணே. ரெண்டு மூட்டை.

— பஞ்சாபிக்கார அண்ணே ரெண்டு மூட்டை என்ன அரைப்பாரு ஆன்டி?

— ...ஆட்டா மாவுதான்.

— அதே மெஷின்லயா?

— மெஷின் ஒண்ணுதான். மில்லுக்கார நாகையா அண்ணே ஒரு தட்டு தட்டுவாரு, அடுத்த ஆளு அரிசியக் கொட்டி, முத ரெண்டு கை மாவ வெளிய தள்ளிடுவோம். மெஷின் சுத்தமாயிருச்சுன்னு கணக்கு. மிளகா அரைச்சிட்டு மஞ்சள் அரைச்சாலும் அதே ரெண்டு கைதான். மில்லுக்கு வர்றவங்க எல்லாரும் காலங்காலமா அப்படித்தான்லா செய்யுறோம்!

— அப்ப மெஷினுக்குள்ள ஒட்டிக்கிட்டிருந்த கோதுமை...

— நல்லவேள! மாப்பிள்ளைக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டோம். இனிமே மில்லு கிடையாது, மாவிடிக்கிற வீரம்மாவக் கூப்பிட்டு உரல்லயே இடிச்சிக்கிறேன். உங்கம்மா மானம் மயிரிழையில தப்பிச்சுதுலா! ...ஆமா, ஒரு நிமிஷம். கோதுமை அவருக்குத்தானே ஆகாது? உனக்கு ஏன் புடுங்குச்சு?

— அதான் ஆன்டி, நானும் காலையிலேருந்து யோசிக்கிறேன்.

— தெய்வமே.

— ஸ்கூல் படிக்கிறப்பலேருந்து இப்படித்தான். ஒரு டாக்டர் காஸ்ட்ரிக்னாரு. இன்னொருத்தரு டென்ஷன்னாரு. மூணாமத்தவரு, கல்யாணம் பண்ணினா எல்லாம் சரியாப் போகும்னாரு.

— மூணாமத்தவரு கெட்டிக்காரரு. கல்யாணப் பேச்சாலதானே கண்டுபிடிச்ச? சரி, நான் சொல்றதக் கேளு. வாய மூடிக்க. உங்கம்மா மாப்பிள்ளைக்குக் குறை இருக்குன்னு வீட்ட அடிக்கப் போறாங்க. உனக்கும் அதே குறைன்னு தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அடிக்கிறது? அவங்களே, இருக்கிற ரெண்டு வயிறு போதும், மூணாவது எதுக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டா? கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் மெதுவா, ஏங்க எனக்கும் கொஞ்சம் வாய்வுங்கன்னு ஆரம்பி.

— ஆறு பேரு வந்தாங்க ஆன்டி. ஒருத்தன் சொட்டைய மறைச்சான், ஒருத்தன் வேல போனத மறைச்சான். எங்க வீட்டுல என் வயித்த மறைச்சோம். இவரு ஒருத்தருதான் முத போன்லயே, "எனக்கு இது இது ஆகாது, கஷ்டம்னா இப்பவே சொல்லிடுங்க"ன்னாரு. இந்த ஆளு போயிடக் கூடாதுன்னு இருக்கு ஆன்டி.

— அப்ப வாய மூடுன்னுதானே நானும் சொல்றேன்?

— போயிடக் கூடாதுன்னாலும் மறைக்க முடியலியே.

— படிச்ச புள்ளைங்களுக்கு வியாபாரம் வராதுன்னு இதுக்குத்தான்லா சொல்றது.

*

— மெதுவாய், தனலெட்சுமி! தட்டைப் போட்டு உருட்டாதையும். இந்த வீட்டுச் சுவர் பலகைச் சுவர், குசினியில ஊசி விழுந்தாலும் ஹோலுக்குக் கேக்கும்.

— தட்டெல்லாம் காலிக்கா, அதான் சத்தம் போடுது. நளா மறுபடியும் ஒரு தட்டு நிரப்பி எடுத்துட்டுப் போயிருக்கா. மாப்பிள்ள சாப்பிட்டாரா?

— மூண்டு துண்டு! தமக்கைக்காரி அஞ்சாவது துண்டில நிக்கிறா. அவ அழுறா, பாரும்.

— ஏன், கருகிடுச்சா?

— இல்லையெணை. ஒரு வீட்டில தட்டில வைச்சதைப் பயமில்லாமல் எடுத்துச் சாப்பிட்டு எத்தினை வருசம் எண்டு சொல்லி அழுறா. கலியாணங்களுக்குப் போனால் கைப்பைக்குள்ள வாழைப்பழம் கொண்டுபோறவவாம்.

— அடப் பாவமே... நூத்தி அம்பது கேட்டிருக்கணும் நான்.

— இங்க பாரும், அதைவிடப் பெரிய கதை. வீடு விழுந்துட்டுது!

— எந்த வீடு?

— கிள்ளான் வீடு! மாப்பிள்ளையின்ட தகப்பன், அந்தச் சண்முகரத்தினம், தன்ட வாயாலயே சொன்னார். "எங்கட பொடியனுக்கு இப்பிடி ஒண்டு இருக்கு, தெரிஞ்சும் நீங்கள் மனம் வைச்சிருக்கிறீங்கள், வீடு வேண்டாம், காசு மட்டும் போதும்" எண்டு. ஒரு பெருமூச்சு விட்டன். அவ்வளவுதான்.

— ஒரு மூச்சுக்கு ஒரு வீடா! அக்கா, உங்கள ஆபீஸ்ல உக்கார வச்சு வீணாக்கிட்டாங்க. சௌகிட்ல துணிக்கடை போட்டிருந்தா இந்நேரம் தெருவே உங்களுதுலா.

— அந்தச் சந்தோசத்தை அனுபவிக்கவும் விடாதாம் இந்த வயிறு. காலமை ரெண்டு ரஸ்க்கைப் பாலில தோய்ச்சுச் சாப்பிட்டது, இன்னும் நெஞ்சில நிண்டு எரியுது. ஓமத்தண்ணி எங்க? தனலெட்சுமி, ஓமத்தண்ணிப் போத்தலைக் கண்டனீரோ? இந்த வீட்டில ஒரு சாமான் வைச்ச இடத்தில இருக்காது!

— கத்தாதீங்கக்கா, பலகைச் சுவருன்னு நீங்கதானே சொன்னீங்க? இந்தாங்க. பதட்டம், வேற ஒண்ணுமில்ல. குடிச்சிட்டு உக்காருங்க.

— அம்மா.

— என்னடி பிள்ளை, ஏன் உள்ளுக்கு வந்தனீ? போ, போய் அவையோட இரு. அவர் ஏதும் கேட்டவரோ?

— சொல்லிட்டேம்மா.

— எதை?

— எனக்கும் கோதுமையும் பாலும் ஆகாதுன்னு. எல்லாருக்கும் முன்னாடி.

— தெய்வமே! ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?

— என்ன கதைக்கிறாய்? உமக்கும் தெரியுமோ, தனலெட்சுமி?

— எனக்கு என்னக்கா தெரியும்? ரவை கோதுமைன்னே போன மாசம்தான் தெரியும்.

— எனக்கு வாய்வு இல்லம்மா. கோதுமை விட்டேன், பால் விட்டேன், வயித்து வலி போச்சு. மில்லு மாவுல கொஞ்சம் கலந்து வந்துச்சு, அன்னிக்கே திரும்பிச்சு. காலையில சேலை கட்டி விடுறப்ப நீங்களே சொன்னீங்கல்ல, ரவிக்கை இறுக்குதுன்னு? மூணு கிலோ ஏறியிருக்கேன்.

— பால்... நான் தாற பாலோ?

— ம்.

— ஒவ்வொரு இரவும் தந்தனே. நீ வேண்டாம் வேண்டாம் எண்டு அழ, மூக்கைப் பிடிச்சுப் பருக்கினனே. மெலிய மெலிய இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டனே, பிள்ளை.

— தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்கம்மா. ரோஜாச் செடிக்குக்கூட ஒத்துக்கல.

— அக்கா, அழுகைய அப்புறம் வச்சுக்கலாம், வீட்டப் பாருங்க. நளா, அவங்க என்ன சொன்னாங்க? எந்திரிச்சுட்டாங்களா?

— இல்ல. குகதாசன் என்னையே பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. "அப்ப வீட்டுல ஒரு அடுப்பு போதும்"ன்னாரு. கல்யாணத்த எந்த மாசம் வைக்கலாம்னு நம்ம அப்பாகிட்டக் கேட்டாரு.

— பிள்ளையாரே! சம்பந்தம் நிக்குதோ?

— நிக்குதும்மா.

— தகப்பன்? சண்முகரத்தினம்?

— அவருதான் தொண்டையச் செருமினாரு. "அப்ப வீட்டுப் பேச்சை மறுபடி எடுக்க வேண்டி வரும்"ன்னாரு.

— நான் சொல்லலியா? வந்துச்சா வினை! தொண்டைய ஒருத்தரு செருமினா வீடு போச்சுன்னு அர்த்தம்.

— எங்க அப்பா விடல ஆன்டி. "உங்கட பக்கம் ரெண்டு வயிறு, எங்கட பக்கம் ஒரு வயிறு. ஒண்டுக்கு ஒண்டு கழிச்சாலும் உங்கட பக்கம் ஒரு வயிறு பாக்கி. அதால பாதி வீடுதான்" அப்படின்னுட்டாரு.

— இவரோ? ரயில்வேயில வேலை செய்து, ரயில் வாற நேரம் போற நேரத்தைத் தவிர வேற ஒண்டும் கதைக்காத மனிசன்!

— கனகலிங்கம் அங்கிள் கலக்கிட்டாரு! மேல் மாடி அவங்களுக்கு, கீழ் மாடி உங்களுக்கு. வாடகைக்கு விடலாம்.

— சரி, போனது பாதி, வந்தது பிள்ளையின்ட வாழ்வு. போய்ச் சொல்லு நளாயினி, அம்மா சம்மதம் எண்டு. ஆனால் அந்த ஒரு வயித்துப் பாக்கியில மட்டும் நான் ஒரு அங்குலமும் இறங்க மாட்டன்.

— அதுலதாம்மா ஒரு சிக்கல். அவரோட அக்கா நர்ஸ். இது அம்மா அப்பா வழியில வருமாம். வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி வயிறு எரியுமான்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்னனீ?

— நான் வாயே திறக்கல. அதுக்குள்ள பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, ரஸ்க் நெஞ்சில நிக்குது, ஓமத்தண்ணி எங்கன்னு ஒரு சத்தம்.

— ஐயோ!

— அப்பாவே கழிச்சுட்டாரும்மா. அவங்க பக்கம் ரெண்டு, நம்ம பக்கம் ரெண்டு, பாக்கி இல்ல, முழு வீடு.